இறங்கும் வரிசை

ஜனவரி 8, திங்கள்

இங்கே கனடாவில் பதினான்கு வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றதற்கு ஒரு டயறி தந்து வழியனுப்பினார்கள். அட்டையில் கம்பனியின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. கம்பனிதான் இல்லை, நவம்பரிலேயே மூடியாயிற்று.

இன்றைக்கு இதைத் திறந்ததற்குக் காரணம் வேலையற்றோர் காப்புறுதி அலுவலகம். வேலை போன பிறகு வாராவாரம் கிழமைக் காசு தருகிறவர்கள் அவர்கள்தான். எங்கெங்கே வேலை தேடினேன் என்று நாளும் இடமும் போட்டு எழுதி வைக்க வேண்டுமாம், கேட்டால் காட்ட வேண்டுமாம். எங்கள் இரண்டு பேரின் வாடகை, சாப்பாடு, இவருடைய மருந்து எல்லாம் இப்போது அந்தக் காசில்தான் ஓடுகிறது. ஓகஸ்ட் வரை வரும். அதற்குள் நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்க வேண்டும்.

இவர் என்றால் என் கணவர் யோகநாதன். இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி டயலிசிஸ். மற்ற நாட்களில் பேப்பர் வாசிப்பார், குறுக்கெழுத்துப் போடுவார், என் மேசையைக் கிண்டுவார். எழுதத் தொடங்கியதும் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, என்னைப் பற்றியும் ரெண்டு நல்ல வார்த்தை எழுதுமன்."

எழுதிவிட்டேன். இந்த வீட்டில் எழுதி வைக்கிற எதையும் இவர் வாசிக்காமல் விடமாட்டார். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

ஜனவரி 11, வியாழன்

வேலை தேடிய இடங்கள்: எக்ளிங்டன் வீதியில் ஒரு மருந்துக்கடை, மக்கோவன் வீதியில் உடுப்புத் தோய்க்கும் ஒரு லோண்ட்றி, எங்கள் பிளாசாவில் புதிதாகத் திறந்த தமிழ்க் கடை. தமிழ்க் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, கஷியருக்குச் சின்னப் பிள்ளையளைத்தான் பாக்கிறம்" என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவருக்கு நான் அக்காவாம்!

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்கிச் சரிந்து புகைமணி அடித்து, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். இவருக்கு இரண்டு கரண்டிக்கு மேல் கொடுக்க முடியாது. மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் பூமணி அக்கா போன் எடுத்தார். பாண் தொழிற்சாலையில் என்னோடு நின்றுவிட்டு ஒரு வருடத்துக்கு முந்தியே விலகியவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சொக்கிலேட் பெட்டி அடுக்கும் வேலை இருக்கிறதாம். காதலர் தினம் வரைக்கும் மட்டும்தான். வேலைக்கு ஏற்றி இறக்க கிருபா அண்ணையின் வான் வாசலுக்கே வருமாம்.

"ஆரக்கா கிருபா அண்ணை?"

"கோயில் தேருக்குத் தண்ணிப்பந்தல் போடுறவரடி. ஏஜென்சியும் அவர்தான், வானும் அவர்தான், அங்கை எங்களை மேய்க்கிறதும் அவர்தான்."

வேலைக்குப் போனால் கிழமைக் காசுக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் காப்புறுதி அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றதும் ஒரு பெண்ணை இணைத்தார்கள், யாழ்ப்பாணத்துக் குரல். நான் சொல்வதையெல்லாம் 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொன்னார். 'என்னுடைய கணவருக்கு டயலிசிஸ்' என்று அந்தப் பெண் சொல்லக் கேட்டபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதிகாரி சொன்னதை அவர் இப்படித் தமிழில் தந்தார். குறுங்கால வேலை எடுக்கலாம். உழைத்ததை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அறிவிக்க வேண்டும், அதற்கேற்பக் காசைக் குறைப்பார்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் அனுப்பினால் பழையபடி முழுக் காசும் வரும். தகுந்த காரணம் இல்லாமல் நானாக விட்டுவிட்டு வந்தால் மட்டும் எல்லாம் நின்றுபோகும்.

"ஒரு மாத வேலைக்கு ஓகஸ்ட் மட்டும் வாறதைப் பணயம் வைக்கிறீர்" என்றார் இவர்.

"என்ன பணயம்? சொக்கிலேட்டை அடுக்கிறது, முடிய வீட்டை வாறது."

ஜனவரி 22, திங்கள்

முதல் நாள். விடியமுதல் வான் வந்தது. பூமணி அக்காவும் வேறு சிலரும் பின்னால் இருந்தார்கள். நானும் பின்னால் ஏறப் போனேன். "நீ முன்னுக்கு ஏறு பிள்ளை" என்றார் அக்கா.

கிருபா அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. கண்ணாடியில் முருகன் படம் தொங்குகிறது. "வாங்கோ தங்கச்சி, பெல்ற்றைப் போடுங்கோ" என்றார். தங்கச்சி என்று என்னை யாரும் கூப்பிட்டு எவ்வளவு காலம்! மனதுக்கு நன்றாக இருந்தது.

வேலை சுகம். இதய வடிவப் பெட்டிகள் வரும், குழிக்கு ஒன்றாக வைத்து மூட வேண்டும். மா மூட்டை தூக்கிய கைக்கு இது விளையாட்டு.

திரும்பும்போது ஒரு சின்னக் கூத்து. மார்க்கம் வீதியால் வந்தால் எல்லாருக்கும் முதலில் வருவது எங்கள் கட்டடம். வான் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது.

"அண்ணை, என்ரை வீடு!"

"இதிலை இடப்பக்கம் திருப்ப விடமாட்டாங்கள் தங்கச்சி. மற்ற ஆக்களை இறக்கிப்போட்டுத் திரும்பி வரேக்கை விடுறன்."

பூமணி அக்காவின் வீடுதான் வழியில் கடைசி. அவரையும் இறக்கிவிட்டு, பிறகு வந்த வழியே திரும்பி என்னை இறக்கினார். அக்கா இறங்கும்போது திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குளிரில் எல்லாரும் வீட்டுக்குள் ஓடத்தான் பார்ப்பார்கள்.

ஜனவரி 25, வியாழன்

இன்றும் என்னைத்தான் கடைசியாக இறக்கினார். வழி அப்படி.

இவருடைய சிறுநீரக வருத்தத்தைப் பற்றி விசாரித்தார். "இந்த வயதிலை தனிச்சுப் போனீங்கள், என்ன?" என்றார். நான் தனியாக இல்லை, இவர் இருக்கிறார் என்றேன். "அது தெரியும் தங்கச்சி" என்று சிரித்தார். நாளைக்குப் பின்னால் இருக்கப்போகிறேன். முன் சீற்றில் ஹீற்றர் முகத்தில் அடிக்கிறது.

ஜனவரி 26, வெள்ளி

பின்னால் பூமணி அக்காவின் பக்கத்து சீற்றில் அவருடைய பை இருந்தது. அதைத் தூக்கிவிட்டு இருக்கப் போனேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முன்னுக்குப் போ பிள்ளை" என்றார்.

ஜனவரி 30, செவ்வாய்

"ஏரி உறைஞ்சு கிடக்கு, பாத்திருக்கிறியளோ?" என்று கிருபா அண்ணை கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லமுதல் வானை ஏரிக்கரைக்குத் திருப்பினார். கரையோரம் உறைந்துதான் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பனி வழிக்காமல் கிடந்தது, வேறு ஒரு வாகனமும் இல்லை. வேறொன்றும் இல்லை.

இவர் டயலிசிஸ் முடிந்து வரமுதல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும். ஜக்கெற்றைத் தோய்த்தேன். சொக்கிலேட் மணம் போகிறதில்லை, இன்னொரு தடவையும் தோய்த்தேன்.

பெப்ரவரி 1, வியாழன்

என் ஜக்கெற் இன்னும் காயவில்லை. இவருடைய பழைய பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனேன். முழங்கால் வரை வருகிறது, கழுத்துவரை மூடலாம். இனி இதையே போடலாம் என்று நினைக்கிறேன்.

பொக்கெற்றில் ஒரு சட்டைப்பின் வைத்திருக்கிறேன். ஊரில் ரியூசனுக்கு பஸ்ஸில் போன காலத்துக்குப் பிறகு சட்டைப்பின்னோடு வெளிக்கிட்டது இன்றுதான். இந்த ஜக்கெற்றின் சிப் கழலுகிறது, அதற்குத்தான்.

பெப்ரவரி 5, திங்கள்

வான் வரமுதல் வெளிக்கிட்டு பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாறி, கடைசி பஸ் விட்ட இடத்திலிருந்து பனிக்குள்ளால் நடை. அந்தத் தொழிற்சாலைப் பக்கத்தில் நடைபாதையே கிடையாது. லொறிகள் கிட்டக் கிட்டப் போயின. பிந்திப் போய்ச் சேர்ந்தேன். கிருபா அண்ணை வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். வேலை முடிந்ததும் வான் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். வெளியே பனி கொட்டியது. ஏறினேன்.

பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று கிருபா அண்ணை மிக அன்பாகத்தான் கதைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, வானிலை வராட்டி வேலைக்கு வர விருப்பமில்லை எண்டுதான் நான் எழுத வேண்டி வரும். வேலை முடிய ஒரு தாள் குடுக்கோணும், தெரியும்தானே? 'வேலை முடிஞ்சுது' எண்டும் போடலாம், 'ஆள் தானாய் விட்டிட்டுப் போட்டா' எண்டும் போடலாம். ரெண்டாவதைப் போட்டா உங்கடை அந்தக் காசு அவ்வளவுதான். வருத்தக்கார மனிசனோடை என்ன செய்வியள்? உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அந்தத் தாளில் எதைப் போடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. அலுவலகத்துப் பெண் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது, நானாக விட்டால் எல்லாம் நின்றுபோகும்.

பெப்ரவரி 8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் பூமணி அக்காவிடம், ஒரு பேச்சுக்கு, ஒருவர் இடையில் வேலையை விட்டால் உண்மையாகவே காசை நிறுத்துவார்களா என்று கேட்டேன்.

"நிப்பாட்டுவாங்கள். மருமகன்ரை கூட்டாளி ஒருத்தன் விட்டவன். வாங்கினதையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்ததாம். வாயைத் திறக்காமல் இரு பிள்ளை. காதலர் தினத்தோடை முடிஞ்சிடும்."

நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

பயமாக இருக்கிறது.

இதை எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. இவர் வாசித்துவிட்டு என்ன பயம் என்று கேட்டால், காசு நின்றுவிடுமோ என்ற பயம் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. இன்னும் இரண்டு நாள் வேலைதான். திங்களும் செவ்வாயும் கழிந்தால் வேலை தானாக முடியும், 'முடிஞ்சுது' என்று எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு அந்த வானை என் வாழ்நாளில் பார்க்க மாட்டேன்.

பெப்ரவரி 13, செவ்வாய்

கடைசி நாள் என்று விடியப்புறம் எழும்பி உழுந்துவடை சுட்டுக்கொண்டு போனேன். கன்ரீனில் எல்லாருக்கும் கொடுத்தேன். பாட்டுக்கூடப் பாடியிருப்பேன், அவ்வளவு சந்தோசம்.

வேலை முடிகிற நேரம் கிருபா அண்ணை கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். ஈஸ்டர் ஓடர் வந்திருக்கிறதாம், சொக்கிலேட் முட்டைகள். மார்ச் முடியும்வரை வேலை நீட்டியாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

கழுவுமிடத்துக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். வடை எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை.

பெப்ரவரி 15, வியாழன்

வேண்டுமென்றே பிழைவிட்டு, அவரே என்னை வேலையிலிருந்து கலைக்கும்படி செய்யலாமா என்று யோசித்தேன். முட்டைகளை உடைக்கலாம், பெட்டிகளை மாற்றி அடுக்கலாம். நானாக விட்டதாக ஆகாதே! பிறகு நினைத்தேன், கலைத்தாலும் தாளில் எழுதப்போவது அதே கைதான்.

இன்று ஒரு முட்டையைக் கீழே போட்டேன். "பரவாயில்லை தங்கச்சி" என்று அவரே குனிந்து பொறுக்கினார்.

பெப்ரவரி 20, செவ்வாய்

இன்று நடந்ததை இவர் மறக்கமாட்டார், நானும் மறக்கமாட்டேன்.

டயலிசிஸ் முடிந்தால் நோயாளர் வண்டி இவரைக் கட்டட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். நான் கீழே நின்று கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்று வான் ஏரிக்கரையில் நின்றது. நான் கெஞ்சினேன். இவர் வந்து காத்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சொல்லிக் கெஞ்சினேன்.

வந்து பார்த்தால் வாசலில் கிடந்த வாங்கில் இவர் குந்தியிருந்தார். உதடு நீலம். தொப்பியில் பனி.

"எங்கையப்பா நிண்டனீர்?"

நான் கத்தினேன். உழைக்கப் போகிறவளிடம் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்கிறீர்களா என்று வாசலால் போய்வந்த அத்தனை பேரும் பார்க்கக் கத்தினேன். இவர் எழும்பி என்னோடு வந்தார். லிப்ற்றில் என் கையை விடாமல் பிடித்திருந்தார். அவ்வளவு நேரம் பனியில் இருந்தவரின் கை என் கையைவிடச் சூடாக இருந்தது.

பெப்ரவரி 26, திங்கள்

புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். நிதர்சனா. படிக்க வந்தவள், கனடாவுக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. வான் கதவைத் திறந்ததும், "தங்கச்சியவை பின்னுக்கு. புதுப்பிள்ளை முன்னுக்கு வரட்டும்" என்றார் கிருபா அண்ணை.

பின்னால் போய் பூமணி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது வான் எங்கள் கட்டட வாசலில் நின்றது. இடப்பக்கம் திருப்ப விடமாட்டார்கள் என்ற இடத்தில் அழகாகத் திருப்பி நிறுத்தினார். முதலில் இறங்கியது நான்.

இரவு நான் வழக்கத்தைவிட ஏழு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டதாக இவர் எண்ணிச் சொன்னார்.

பெப்ரவரி 28, புதன்

இன்றைக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

மத்தியானம் கன்ரீனில் நிதர்சனா என் பக்கத்தில் வந்திருந்தாள். சாப்பாட்டைத் திறக்கவில்லை. ஈரக் கடதாசியால் ஜக்கெற் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்ரி, ஜக்கெற் தோய்க்க எந்தச் சோப் நல்லது?"

நான் இரண்டு தடவை தோய்த்த ஜக்கெற் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை நான் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டேன்? அவள் முன்னால் ஏறியதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்! என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வரும்போது எங்கள் கட்டடத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. நான் இறங்குவேன் என்று கிருபா அண்ணையே கதவைத் திறந்துவிட்டார். இறங்கி, வீட்டுப்பக்கம் போகாமல் முன் கதவைத் திறந்தேன்.

"இறங்கு பிள்ளை."

அவள் விழித்தாள். பெல்ற்றைக் கழற்ற அவள் கை வரவில்லை. நானே எட்டிக் கழற்றினேன்.

"தங்கச்சி," என்றார் கிருபா அண்ணை, அதே அன்பான குரலில். "இதிலை இறங்கினா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. விளங்குதோ? உங்கடை காசுக் கதையை யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிச்சுத்தான் இவ்வளவு நாளும் உன்ரை வானிலை இருந்தனான்!" என்று கத்தினேன். அவரை நீ என்று சொன்னது அப்போதுதான். விளக்குப் பச்சையாகி, பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. பிள்ளை என் மேல் விழுந்துதான் இறங்கினாள். வானுக்குள் பூமணி அக்கா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார்.

நிதர்சனாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அவளுடைய அறைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என்னோடு வேலை செய்கிற பிள்ளை என்று மட்டும் இவரிடம் சொன்னேன். பயம் இப்போதுதான் வருகிறது. நானாக விட்டுவிட்டேன். எல்லாம் போய்விட்டது.

பெப்ரவரி 29, வியாழன்

காலையில் போனில் செய்தி: 'தாள் அனுப்பியாச்சு தங்கச்சி. தானாய் விட்டது.'

வேலைக்குப் போகவில்லை, தடிமன் என்று இவருக்குச் சொன்னேன். நான் வீட்டில் நின்றதால் பழைய பெரிய ஜக்கெற்றை இவர் போட்டுக்கொண்டு டயலிசிஸுக்குப் போனார். பொக்கெற்றில் சட்டைப்பின் கிடப்பது எனக்கு நினைவே வரவில்லை.

பின்னேரம் விரலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கே இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுவார்கள், சின்னக் குத்துக்கும் இரத்தம் நிற்காது. கதிரையில் இருந்து, பொக்கெற்றிலிருந்து சட்டைப்பின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

"திறந்து கிடந்தது" என்றார்.

சிப் கழலுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சிப் நல்லாய்த்தான் இருக்கு, சுகிர்தா." இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "என்ரை அக்காவும் பஸ்ஸிலை பள்ளிக்கூடம் போகேக்கை வைச்சிருந்தவ. ஏனெண்டு எனக்குத் தெரியும். டயறியையும் வாசிச்சனான். அதிலை நீர் எழுதாததைத்தான் கனக்க வாசிச்சன்."

அழுதேன். காசு போய்விட்டது என்றுதான் முதலில் சொன்னேன். நானாக விட்டுவிட்டேன், இனி வராது, உங்கள் மருந்துக்கு என்ன செய்வேன் என்று அழுதேன்.

"நாளைக்கு அவையளுக்குப் போன் எடும். என்ன நடந்ததெண்டு நீர் சொல்லும். நான் வெளியிலை நிக்கிறன்."

மார்ச் 1, வெள்ளி

இவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வெளி நடையில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு இருந்தார்.

போனில் மொழிபெயர்க்க வந்தது அதே யாழ்ப்பாணத்துக் குரல்தான் என்று நினைக்கிறேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. என் வீடுதான் வழியில் முதலாவது, என்னைக் கடைசியாக இறக்கினார் என்றேன். அதை அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி ஏதோ கேட்டார். அந்தப் பெண் அதைத் தமிழில் தந்தார்: "அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறா அம்மா. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

சொன்னேன். இங்கே எழுதாததையெல்லாம் சொன்னேன். ஏரிக்கரையை, கதவுப் பூட்டை, அவருடைய கையை. ஒரு இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் நின்றுபோனது. "ஒரு நிமிசம் அம்மா" என்று தமிழில் எனக்கு மட்டும் சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். என் கதை முழுவதையும் 'நான்' 'நான்' என்று இன்னொருத்தி சொல்லக் கேட்டேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இந்தத் தடவை, இது உண்மையாகவே எனக்கு நடந்தது என்று அப்போதுதான் நம்பினேன்.

ஏன் இவ்வளவு நாள் எங்களிடம் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"நானாய் விட்டா நிண்டுபோகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"தகுந்த காரணம் இல்லாமல் விட்டால் எண்டுதான் சொன்னவையாம் அம்மா. உது தகுந்த காரணமாய் இருக்கலாம் எண்டு சொல்லுறா."

ஜனவரியில் நானே என் கையால் எழுதிய சொல். பயம் வந்தபோது அந்தப் பாதியை விழுங்கிவிட்டிருக்கிறேன்.

ஆனால் உடனே சரியென்று சொல்லவில்லை. ஏஜென்சியிடமும் கேட்பார்களாம். பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நல்லதாம். முடிவு வரும்வரை காசைப் பிடித்து வைப்பார்கள். கதவைத் திறந்தேன். இவர் குறுக்கெழுத்துப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

"எனக்கும் சொல்லோணுமெண்டில்லை. சொல்லோணும்போலை இருந்தா சொல்லும்."

மார்ச் 4, திங்கள்

தனக்கு நடந்ததை அலுவலகத்துக்குச் சொல்லத் தயார் என்று நிதர்சனா நேற்றே சொல்லிவிட்டாள். இன்று பூமணி அக்கா வந்தார். ஜக்கெற்றைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"போன வருசம் முழுக்க நான்தான் முன்னுக்கு இருந்தனான். என்ரை வீடு எப்பவும் கடைசிதானே, ஆருக்கும் தெரியேல்லை. அறுபது வயசுக் கிழவியைப் போய் எண்டு ஆரடி நம்புவினம்?" சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டு கேட்டவர். உன்ரை பேரைச் சொன்னன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. உண்மையாகவே கை எழும்பியது. பிறகு அந்தத் திங்கட்கிழமைச் சோறு நினைவுக்கு வந்தது. நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். அதில் வேண்டுமென்றே சீனி போடவில்லை. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

"அந்த நம்பரைத் தா" என்றார். "நானும் சொல்லுறன்."

மார்ச் 11, திங்கள்

ஒன்றும் வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்டேன். வெளியே வெள்ளை வான் எது போனாலும் திரைச்சீலையை இழுத்து மூடுகிறேன்.

மார்ச் 20, புதன்

காலையில் போன் வந்தது. காரணத்தை ஏற்றுக்கொண்டார்களாம். பிடித்து வைத்ததும் சேர்ந்து வருமாம், ஓகஸ்ட் வரை நிற்காதாம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்கள். இவர் அதைக் கொண்டாட இரண்டு கரண்டி பாயாசம் கேட்டார். மூன்று கொடுத்தேன்.

வான் இன்னும் ஓடுகிறது. அதற்கு வேறொரு இடத்தில் முறையிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நேரம் தந்திருக்கிறார்கள், நானும் பூமணி அக்காவும் நிதர்சனாவும் சேர்ந்து போகிறோம். கோயிலில் தண்ணிப்பந்தல் போடுகிறவர் மேல் முறையிட்டால் ஊர் என்ன கதைக்குமோ?

வேலை தேடிய இடம்: மார்க்கம் பக்கம் ஒரு கேக் தொழிற்சாலை, நிரந்தர வேலை. பூமணி அக்காவும் நிதர்சனாவும் வந்தார்கள். மூன்று பேரும் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். ஒரு சந்தியில் வெள்ளை வான் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. என் கை தன்பாட்டில் பொக்கெற்றுக்குள் போனது. ஓட்டியவர் யாரோ ஒரு சீனாக்காரர். நிதர்சனாவின் கையும் பொக்கெற்றுக்குள்தான் இருந்தது.

எங்கள் கட்டடம் தெரிந்ததும் எழும்பி மணியை அடித்தேன். பூமணி அக்கா காலை ஒதுக்கி வழிவிட்டார்.

"உன்ரை வீடுதானே முதல்" என்றார்.

முதலில் இறங்கினேன்.